ஏணி ஏறியாச்சு

என் உயரம் ஆறடி ஐந்து அங்குலம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் நான் பார்த்த உத்தியோகத்தின் பெயர் ‘மறைமுகப் பயணி’. ரயிலில் யாருக்கும் தெரியாமல் ஏற வேண்டும். பெட்டி சுத்தமாக இருக்கிறதா, கதவு ஒழுங்காகத் திறக்கிறதா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். யாருக்கும் தெரியாமல் இறங்கிப்போய் மார்க் போட வேண்டும். இவ்வளவுதான் வேலை.

அதற்கு முன்னால் இருபது வருஷத்துக்கு மேல் அதே ரயில்களில் டிக்கெட் பரிசோதகராக இருந்தேன். எங்கள் வட்டார ரயில்வே அப்படியொன்றும் பெரியதல்ல. நகரத்திலிருந்து மூன்று கிளைகள் பிரிந்து போகும், மூன்றிலும் போகிற ரயில்கள் சாயங்காலத்துக்குள் திரும்பி வந்துவிடும். டிரைவர்கள், கார்டுகள், பெருக்குகிறவர்கள், ஸ்டேஷன் டீக்கடைக்காரர்கள், தினமும் வேலைக்குப் போகிற ஜனங்கள் எல்லாருக்கும் என்னைத் தெரியும். பெட்டியின் வாசலில் நான் குனிந்துதான் நுழைவேன். குனிய மறந்தால் ‘டங்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அதைக் கேட்டதுமே டிக்கெட் எடுக்காதவர்கள் அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு வைத்த பட்டப்பெயர் ஏணி. முகத்துக்கு நேரே ‘ஏணி சார்’, முதுகுக்குப் பின்னால் வெறும் ஏணி. இந்த ‘சார்’ ஒட்டிக்கொண்டதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பணிமனைச் சாப்பாட்டு ஹாலில் எல்லாரையும் கூட்டி உட்காரவைத்தார்கள். ரயில்வேயை நடத்திவந்த வட்டாரப் போக்குவரத்து வாரியத்திலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். சுவரில் படம் காட்டிப் பேசினார். தண்டவாளமும் ரயிலும் ஸ்டேஷனும் வாரியத்துடையதாகவே இருக்குமாம். ஓட்டுவது, பழுதுபார்ப்பது, பெருக்குவது, துடைப்பது எல்லாம் பத்து வருஷத்துக்கு ஒரு கம்பெனியின் பொறுப்பாம். கம்பெனி நன்றாக நடத்தினால் கூடுதலாகப் பணம் கொடுப்பார்கள், மோசமாக நடத்தினால் பிடித்துக்கொள்வார்கள்.

பின்வரிசையில் இருந்த வெல்டர் எழுந்தார். “ரயிலு வாரியத்தோடது. வேலை கம்பெனியோடது. அப்ப நாங்க யாரோடது சார்?”

அதிகாரி தண்ணீர் குடித்தார். முழு டம்ளரையும் குடித்தார்.

எங்களுக்கு மூன்று வழி சொன்னார்கள். கம்பெனிக்குப் போகலாம். ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். கொஞ்சம் பேர் மட்டும் வாரியத்திலேயே இருந்து கம்பெனியைக் கண்காணிக்கலாம். டிக்கெட் பரிசோதகர்களுக்கு முதல் வழி பாதி அடைத்துவிட்டது, ஏனென்றால் கம்பெனி எல்லா ஸ்டேஷனிலும் தானாகத் திறந்து மூடும் கதவு வைக்கப்போகிறதாம். அந்தக் கதவுக்குச் சம்பளம் கிடையாது, தலையில் இடித்துக்கொள்ளவும் செய்யாது.

என் மைத்துனன் கார்டாக இருந்தவன். மனைவியின் தம்பி. அவன் ஒரே நாளில் முடிவெடுத்துக் கம்பெனிக்குப் போனான், கட்டுப்பாட்டு அறையில் ஷிப்ட் மேற்பார்வையாளராக உட்கார்ந்தான். நான் ஒரு வாரம் கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்து யோசித்தேன்.

“என்னதான் முடிவு பண்ணீங்க?” என்றாள் மனைவி. அவள் முன்னறையில் தையல் மெஷின் போட்டு, பழைய துணிகளைப் பிரித்துச் சரிசெய்து கொடுக்கிறவள். எதைப் பேசினாலும் கண் ஊசியிலேயே இருக்கும்.

“கண்காணிப்புப் பிரிவுக்கே போயிடுறேன். இனிமே நான் வேலை பாக்குற ஆளு இல்ல. வேலை பாக்குறவனைப் பாக்குற ஆளு.”

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “சும்மா இருக்கப்போறேங்கிறதை இவ்வளவு சுத்தி வளைச்சுச் சொல்ல வேண்டாம்.”

கண்காணிப்புப் பிரிவு என்பது வாரிய அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்து அறை. பிரிவு அதிகாரியம்மா வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். சொந்தக் காரில் வந்து போகிறவர் என்பதால் ரயிலில் என்னைப் பார்த்ததே இல்லை. நான் நேர்முகத்துக்குப் போனபோது அவர் போனில் இருந்தார், உட்காரச் சொல்லிக் கை காட்டினார். உட்கார்ந்தேன். என்னுடைய உயரமெல்லாம் காலில்தான் இருக்கிறது. உட்கார்ந்துவிட்டால் மற்றவர்களைப் போலத்தான் தெரிவேன்.

“மூணு கிளையும் உங்களுக்கு அத்துப்படியா?” என்று கேட்டார்.

“கண்ணைக் கட்டி விட்டாலும் எந்த ஸ்டேஷன்னு சொல்லிடுவேன் மேடம்.”

“அப்ப மறைமுகப் பயணி வேலைக்கு உங்களைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.”

நன்றி சொல்லி எழுந்தேன். அவர் பார்வை மேலே போய்க்கொண்டே இருந்தது. முகத்தில் ஒரு சந்தேகம் வந்தது. ஆனால் உத்தரவில் அவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாயிற்று.

உங்களுக்கு ரயில் தெரியும் என்றாரே, ரயிலுக்கும் உங்களைத் தெரியுமே என்று அன்றைக்கு யாருமே கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான். எனக்கோ ‘உங்களைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது’ என்ற வார்த்தை காதில் தேனாக ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போனதும் மீசையை எடுத்தேன். தொப்பி வாங்கினேன். பெரிய கறுப்புக் கண்ணாடி வாங்கினேன். கண்ணாடிமுன் நின்று கொஞ்சம் முதுகைக் கூன்போட்டுப் பார்த்தேன். எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை.

முதல் நாள் இரண்டாம் கிளையில் ஏறி மூலையில் உட்கார்ந்து பேப்பரை விரித்தேன். பெருக்கிக்கொண்டு வந்த அம்மாள் என் காலடியில் துடைப்பத்தை நிறுத்தினார்.

“ஏணி சார்! மீசை என்னாச்சு?”

“நீங்க வேற யாரையோ நெனைச்சுட்டுப் பேசுறீங்க,” என்றேன் குரலை மாற்றி.

“தொண்டை கட்டிருச்சா சார்? குரலு ஒரு மாதிரி இருக்கே.”

வேறு வழியில்லாமல் கண்ணாடியைக் கழற்றினேன். வேலையை விட்டுவிட்டேன், வீட்டில் பொழுது போகவில்லை, சும்மா சுற்றுகிறேன் என்று ஒரு கதை விட்டேன். அவர் தலையை ஆட்டினார். நம்பிவிட்டார் என்று எனக்கு ஒரே திருப்தி. சாயங்காலத்துக்குள் அதே கதையை எட்டுப் பத்துப் பேரிடம் சொன்னேன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஆஹா, பொய் சொல்வதில் நமக்கு இவ்வளவு திறமை இருந்ததா, இத்தனை வருஷம் வீணாகிவிட்டதே என்று தோன்றியது.

அதிலிருந்து நான் ஏறிய ரயில்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். தரையில் முகம் பார்க்கலாம். கழிப்பறையில் சோப்பு மட்டுமல்ல, துடைத்துக்கொள்ளக் காகிதமும் இருந்தது. அறிவிப்புகள் தெளிவாகக் கேட்டன. ஒரு ஸ்டேஷனில் ஊழியர் ஒருவர் எனக்குப் பக்கத்தில் நின்ற மூதாட்டியின் பையைத் தூக்கிவந்து ரயிலுக்குள் வைத்து, “பத்திரமாப் போங்கம்மா,” என்று கை அசைத்தார். அந்தம்மாள் ரயில் ஏறவே வரவில்லை, யாரையோ வழியனுப்ப வந்தவராம். பிறகு பையை மீட்க ஒரே ரகளை. அதற்கும் நான் முழு மார்க் போட்டேன், அக்கறை என்ற தலைப்பில்.

வீட்டில் மனைவிக்கும் எனக்கும் இதனால் தினமும் தகராறு. அவள் துணி வாங்க வாரம் ஒருமுறை ரயிலில் போவாள்.

“மூக்கைப் பிடிச்சுட்டுதான் போக வேண்டியிருக்கு. கதவு ஒண்ணு பாதிதான் தெறக்குது, ஒருக்களிச்சு எறங்குறோம்.”

“நீ எந்த ரயில்ல ஏறுனியோ! நான் என் கண்ணால பாக்குறேன். கண்ணாடி மாதிரி வெச்சிருக்கான் கம்பெனிக்காரன்.”

“உங்க கண்ணைத்தான் மொதல்ல காட்டணும் டாக்டர்கிட்ட.”

வாரியத்துக்கு வந்த புகார்களும் குறையவில்லை. அதைப் பற்றி அறிக்கையில் ஒரு கருத்து எழுதச் சொன்னார்கள். நான் யோசித்து ஒரு வாக்கியம் எழுதினேன்: ‘பயணிகளில் பலருக்குக் குறை சொல்வது பழக்கதோஷம்.’ எழுதிவிட்டு இரண்டு தடவை படித்து ரசித்தேன்.

மூன்றாம் கிளையின் கடைசிக்கு முந்தின ஸ்டேஷன் ரொம்பச் சின்னது. இரண்டு நடைமேடை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மேம்பாலத்தில்தான் போக வேண்டும், ஏறி இறங்க லிப்ட் உண்டு. நான் போகும்போதெல்லாம் லிப்ட் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஒருநாள் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து போனில் மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். முப்பது, முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி சக்கர நாற்காலியில் அப்பாவைத் தள்ளிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினாள்.

“சார், நீங்க அடுத்த செவ்வாய்க்கிழமை வருவீங்களா?”

“நானா? ஏம்மா?”

“அப்பாவுக்கு வாரா வாரம் செவ்வாய்க்கிழமை டயாலிஸிஸ். நீங்க வந்தாதான் லிப்ட் ஓடுது. இன்னிக்கு வேற ஒரு டெஸ்ட்டுக்காக வந்தோம், நல்ல வேளையா நீங்களும் வந்திருக்கீங்க.”

“நான் வர்றதுக்கும் லிப்ட் ஓடுறதுக்கும் என்னம்மா சம்பந்தம்?”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. “உங்களுக்குத் தெரியாதா? ‘ஏணி ஏறியாச்சு’ன்னு இங்க ஆபீஸ்ல போன் வரும் சார். உடனே ஒருத்தர் சாவியோட ஓடி வந்து ‘பழுது’ போர்டை எடுத்துட்டு லிப்ட்டை ஆன் பண்ணுவாரு. நீங்க போனதும் திரும்ப ஆப் பண்ணி போர்டை மாட்டிடுவாங்க. ஓடினா கெட்டுப்போகும், கெட்டுப்போனா மெக்கானிக் வரணும், மூணு கிளைக்கும் சேர்த்து ரெண்டே மெக்கானிக்காம்.”

“மத்த நாள்ல எப்படிப் போறீங்க?”

“போன செவ்வாய்க்கிழமை யாரோ ரெண்டு பசங்க நாற்காலியோட தூக்கிட்டுப் போனாங்க. படி எறங்கி முடிக்கிற வரைக்கும் அப்பா கண்ணைத் தெறக்கவே இல்ல.”

நாற்காலியில் இருந்த பெரியவர் அதுவரை என்னை மேலும் கீழும் அளந்துகொண்டிருந்தார். “இவருதான் ரகசிய போலீஸா?” என்றார் மகளிடம். “நல்லாப் புடிச்சாங்கய்யா ஆளை.”

அடுத்து வந்த ரயிலில் ஏறினேன். வாசலில் தலை இடித்தது. பெட்டியில் துடைப்பத்தோடு நின்ற இளைஞன் என்னைக் கண்டதும் வாய் நிறையச் சிரித்து வணக்கம் போட்டான். அவன் சட்டைப் பையிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. “எல்லாருக்கும் சொல்றேன், ஏணி திரும்ப ஏறியாச்சு. நாலாவது பெட்டி, ஜன்னலோரம். கழிப்பறையைப் பாத்துக்கங்க.”

அந்தக் குரலை எனக்குத் தெரியும். என் கல்யாணத்தில் எனக்கு மோதிரம் போட்டவன் குரல். என் மைத்துனன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வழக்கம்போல் அக்கா வீட்டுக்கு வந்தான். கை கழுவிக்கொண்டு வந்து உட்காரும்வரை பொறுத்திருந்தேன்.

“ஏன் மாப்ள, நான் எந்தப் பெட்டியில எந்த ஜன்னலோரம் உக்காந்திருக்கேன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“கேமரால பாப்பேன் மாமா. மத்தவங்களுக்கு மூஞ்சி தெரியும். உங்களுக்குத் தொப்பி மட்டும் மேல தனியாப் போகும்.”

“வெக்கமா இல்ல உனக்கு?”

அவன் நிஜமாகவே திகைத்துப்போனான். “மாமா, உங்களுக்கு இது தெரியும்னுல்ல நான் நெனைச்சுட்டு இருக்கேன்! ஏணி சார் நம்மளைக் காட்டிக்குடுக்காம மார்க் போடுறாருன்னு எங்க ஆளுங்க எவ்வளவு பெருமையாப் பேசிக்கிறாங்க தெரியுமா? நீங்க மீசையை எடுத்துட்டு வந்த அன்னிக்குதான் கொஞ்சம் பயந்தோம். வீட்ல ஏதோ நடக்கக்கூடாதது நடந்திருச்சோன்னு.”

மெஷின் சத்தம் நின்றிருந்தது. மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். இருபத்தைந்து வருஷக் குடும்ப வாழ்க்கையில் நான் சொன்ன எந்த நகைச்சுவைக்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

எனக்குக் கோபம் வந்தது. மெக்கானிக் ஏன் கூடுதலாக வைக்கவில்லை என்று கத்தினேன்.

“கேக்காமயா இருக்கேன்? நாலு தடவை எழுதிக் கேட்டாச்சு. மார்க்குதான் நல்லா வருதே, எதுக்கு ஆளுங்கிறான் தலைமை ஆபீஸ்ல. மார்க் கொறைஞ்சா மொதல்ல கையை வெக்கிறது எங்க ஆளுங்க மேலதான். நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க.”

என்ன பண்ணச் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. நான் நல்ல மார்க் போட்டதால்தான் ஆள் கிடைக்கவில்லை என்பது மட்டும் மெதுவாக உறைத்தது. இத்தனை வருஷம் கறாரான ஆள் என்று பேர் எடுத்தவன் கடைசியில் சோளக்கொல்லைப் பொம்மையாகிப்போனேன். பொம்மையாவது தன்னைத் துப்பறியும் நிபுணன் என்று நினைத்துக்கொள்ளாது.

செவ்வாய்க்கிழமை எனக்கு வாரியத்தில் வேறு கிளை போட்டிருந்தார்கள். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, சொந்த டிக்கெட்டில் அந்தச் சின்ன ஸ்டேஷனுக்குப் போனேன். லிப்டுக்குப் பக்கத்தில் சும்மா நின்றேன். சாவிக்காரர் ஓடி வந்தார். விளக்கு எரிந்தது. பெண் அப்பாவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பெரியவர் என்னிடம், “நாலு மணிக்குத் திரும்புவோம். அதுவரைக்கும் இங்கேயே நில்லும்,” என்றார், ஏதோ குடையை மாட்டிவிட்டுப் போகிற மாதிரி. நின்றேன்.

விஷயம் பரவிவிட்டது. ரயிலில் ஜனங்கள் என்னிடம் மனுக் கொடுக்க ஆரம்பித்தார்கள். காலை நெரிசலில் போகிற ஒரு டீச்சர், “எங்க ரயிலுக்கு ரெண்டு பெட்டி கொறைச்சுட்டாங்க, ஒரு வாரம் அதுல வாங்க சார்,” என்றார். முதல் கிளைக்காரர்கள், நீங்கள் மூன்றாம் கிளைக்கே போகிறீர்கள், எங்களைக் கண்டுகொள்வதில்லை என்று குறைபட்டுக்கொண்டார்கள். லீவு நாளெல்லாம் போனேன். தேர்தலில் நிற்காமலேயே ஜெயித்த மாதிரி இருந்தது. தொப்பியைக் கழற்றிவிட்டேன். மீசையும் வளர்ந்துவிட்டது.

“எல்லா எடத்துக்கும் போறீங்க, ஒருநாள் நம்ம வீட்டுக்கும் வாங்க,” என்றாள் மனைவி. “இங்கயும் குழாய் ஒழுகுது.”

அப்போதுதான் அதிகாரியம்மா கூப்பிட்டனுப்பினார். மேஜையில் ஒரு பக்கம் புகார்கள், ஒரு பக்கம் என் மார்க்குகள். புகார்க்கட்டு தலையணை உயரம்.

“இந்த ரெண்டும் ஒரே ரயில்வேயைப் பத்தினதா?” என்றார். பிறகு என் அறிக்கையை எடுத்து, “பயணிகளில் பலருக்குக் குறை சொல்வது பழக்கதோஷம்,” என்று நிதானமாகப் படித்தார். நான் அவ்வளவு ரசித்து எழுதிய வாக்கியம், அவர் வாயில் கேட்கச் சகிக்கவில்லை.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தொப்பி, லிப்ட், போன், மைத்துனன், செவ்வாய்க்கிழமை எதையும் விடவில்லை. மைத்துனன் மெக்கானிக் கேட்டு எழுதியதையும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் அறிக்கையை மூடி மேஜையில் வைத்தார். “எழுந்திருங்க,” என்றார் கடைசியில். வேலை போயிற்று என்று நினைத்து எழுந்தேன். என்னைக் கால் முதல் தலை வரை பார்த்தார். “அன்னிக்கே உங்களை நிக்க வெச்சுப் பாத்திருக்கணும். தப்பு பாதி என்னோடது.” பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு ஊர்ந்து வந்தது. “நாளையிலேருந்து நீங்க வழக்கம்போலவே போங்க. ஆனா எதையும் எழுத வேண்டாம்.”

“எழுதாம?”

“நீங்க இருக்குற கிளையை அவங்க பளபளன்னு வெச்சுக்கட்டும். மத்த ரெண்டு கிளையில நான் வேற ஆளை அனுப்புறேன்.”

அப்படித்தான் நான் தூண்டிலில் புழுவானேன். ஸ்டோர் கிளார்க்கும், தற்காலிகமாக வந்திருந்த ஒரு டைப்பிஸ்ட் பெண்ணும் மற்ற கிளைகளில் போனார்கள். இரண்டு பேரும் கூட்டத்தில் கரைந்துவிடுகிற ஆட்கள். அந்தப் பெண்ணை அலுவலகத்திலேயே எனக்கு மூன்று தடவை அடையாளம் தெரியவில்லை. நான் முதல் கிளையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கையில், அவர்கள் பாதி திறக்கும் கதவையும் பூட்டிய கழிப்பறையையும் ‘பழுது’ போர்டுகளையும் எழுதித் தள்ளினார்கள்.

மார்க் தலைகீழாக விழுந்தது. கம்பெனிக்குக் கொடுக்க வேண்டியதில் வாரியம் கை வைத்தது. கம்பெனியின் வக்கீல் வந்து இது நியாயமே இல்லை என்றார். “உங்க ஆள் ஒருத்தர் பகிரங்கமா ஒரு கிளையில உக்காந்துக்கிட்டு எங்க ஊழியர்களோட கவனத்தைத் திசைதிருப்பியிருக்காரு!” என்று சத்தம் போட்டாராம். அதிகாரியம்மா கேட்டாராம்: “எங்க ஆள் எந்தக் கிளைல இருக்காருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” வக்கீல் உட்கார்ந்துவிட்டாராம். அந்த அறையில் நான் இல்லாமல் போனேனே என்று எனக்கு இன்றுவரை வருத்தம்.

மைத்துனனைத் தலைமை அலுவலகத்தில் கூப்பிட்டு வறுத்தெடுத்தார்கள். அவன் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினான். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி ஒரு தட்டைக் கூடுதலாக எடுத்துவைப்பாள், பிறகு உள்ளே கொண்டுபோய் வைப்பாள். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. திட்டாமல் இருந்தது, அவளை அறிந்தவன் என்ற முறையில், எனக்குப் பயமாக இருந்தது.

சில மாதம் கழித்து ஒருநாள் அவன் வந்து வாசலில் நின்றான்.

“உள்ள வரலாமா, இல்ல இங்கயும் மார்க் போடுவீங்களா?”

“வாடா, வாடா,” என்று அக்கா ஓடினாள்.

அவன் உட்கார்ந்து, இத்தனை மாதக் கோபத்தையும் சேர்த்து ஒரு பெருமூச்சு விட்டான். “நான் நாலு தடவை கேட்டுக் கெடைக்கல. நீங்க ஒரே தடவை கவுத்ததும் கெடைச்சுருச்சு மாமா. கெளைக்கு ரெண்டு மெக்கானிக். லிப்ட்டுக்குன்னு தனி ஆளு. மூடி வெச்சா வர்ற நஷ்டம் மெக்கானிக் சம்பளத்தை விட ஜாஸ்தின்னு கணக்குப் பாத்திருக்கான்.”

“அப்ப நான் செஞ்சது நல்லதுங்கிறே?”

“நீங்க என்ன செஞ்சீங்க? உக்காந்திருந்தீங்க.”



அதற்குப் பிறகு வாரியம், கண்காணிக்கும் வேலையையே இன்னொரு கம்பெனிக்கு ஒப்பந்தமாகக் கொடுத்துவிட்டது. வேலை பார்க்கிறவனைப் பார்க்கிறவனைப் பார்ப்பதற்கு இப்போது ஒரு அறை இருக்கிறது. புதிதாக வந்த மறைமுகப் பயணிகளுக்கு ஒரு காலைப்பொழுது வகுப்பு எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். தலைப்பு: கவனத்தை ஈர்க்காமல் இருப்பது எப்படி. நான் வாசலில் தலையை இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்ததும் வகுப்பு பாதி முடிந்துவிட்டது. மீதியைச் சிரித்தே முடித்தார்கள்.

எனக்குக் கடைசியாகக் கொடுத்த இடம், மூன்றாவது மாடியிலேயே ஒரு மேஜையும் ஒரு போனும். எந்த ஸ்டேஷன் லிப்ட்டிலாவது யாராவது மாட்டிக்கொண்டு அவசரப் பொத்தானை அமுக்கினால் என் போன் அடிக்கும். நான் மெக்கானிக்கை அனுப்பிவிட்டு, அவர் வரும்வரை மாட்டிக்கொண்டவருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். உயரத்துக்கு வேலையில்லாத உத்தியோகம் எனக்கு வாய்த்தது இதுதான் முதல் தடவை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை போன் அடித்தது.

“யாருய்யா அது? லிப்ட் நடுவுல நின்னுபோச்சு!”

குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. “ஐயா, நான்தான். பயப்படாதீங்க. மெக்கானிக் அதே ஸ்டேஷன்லதான் இருக்காரு, இப்பவே அனுப்புறேன். கூட உங்க பொண்ணு இருக்காங்களா?”

“அவ படியில போனா. நான் மட்டும் ஜாலியா வரலாம்னு ஏறுனேன். நீரா? உம்மை உள்ள உக்கார வெச்சுட்டாங்களா?”

“ஆமாங்கய்யா.”

“முன்னெல்லாம் நீர் வந்து நின்னா ஓடுச்சு. இப்ப உம்மகிட்ட பேச நான் நிக்க வேண்டியிருக்கு. சரி, பொழுது போகணும், ஏதாவது சொல்லும்.”

யாரும் என்னிடம் இப்படிக் கேட்டு எத்தனையோ காலமாயிற்று. நாற்காலியைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு, வக்கீல் வாயடைத்துப்போன கதையை ஆரம்பித்தேன். நான் அந்த அறையில் இல்லை என்பதைச் சொல்லவில்லை. சொல்லச் சொல்ல, நானே அந்த மேஜைக்கு முன்னால் எழுந்து நின்றதாகவும், வக்கீல் அண்ணாந்து பார்த்து வெலவெலத்துப்போனதாகவும் கதை வளர்ந்தது. அதிகாரியம்மா சொன்ன பதிலையும் நானே சொன்னேன். பெரியவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மனுஷனுக்கு ரசனை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

“எப்படிங்கய்யா இருந்துச்சு?” என்று முடித்தேன்.

“நல்லா இருந்துச்சு சார்,” என்றது வேறொரு குரல். “நான் மெக்கானிக் பேசுறேன். லிப்ட் சரியாகிப் பெரியவர் அப்பவே போயிட்டாரு. நீங்க ஆர்வமாப் பேசிட்டு இருந்தீங்க, அதான் வைக்க மனசு வரல.”